கோர்பா நிலக்கரிப் பகுதியில் ஒரு கிராமக் குழு: டெல்லியிலிருந்து நாம் என்ன செய்யலாம்?

ஆர்.கே.புரம்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆர்.கே.புரம், முனிர்கா, மயூர் விஹார் பக்கம் இருக்கும் ஆறு தமிழர்கள் சேர்ந்த சின்னக் குழு எங்களுடையது. சத்தீஸ்கரில் கோர்பா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து உதவி கேட்டிருக்கிறார்கள். மூன்று டோலா (குக்கிராமம்), ஏறக்குறைய 180 வீடு. கோண்டு, கன்வர் பழங்குடிக் குடும்பங்கள் அதிகம். சொந்த நிலமில்லாமல் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுபவர்களும், காட்டு நிலத்தில் பயிர் செய்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே பெரிய திறந்தவெளிச் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது இவர்கள் நிலத்துக்கும் 1957-ஆம் ஆண்டு நிலக்கரி நிலச் சட்டத்தின்படி 4-வது பிரிவு அறிவிக்கை வந்துவிட்டது. 7-வது பிரிவு இன்னும் வரவில்லை என்கிறார்கள்.

எங்கள் சந்தேகங்கள்: கிராமத்தில் குழுவை எப்படி அமைக்கச் சொல்வது, அதைப் பதிவு செய்ய வேண்டுமா? ஜந்தர் மந்தரில் ஒரு தர்ணா வைத்தால் பயன் இருக்குமா? டெல்லியில் உட்கார்ந்துகொண்டு உருப்படியாக எதைச் செய்யலாம்? எங்களில் வக்கீல் யாரும் இல்லை. எல்லோருக்கும் இந்தி எழுதப் படிக்கத் தெரியும்.

கெஜட்பார்வை எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. டெல்லியில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி தேதிகளைக் கவனிப்பது. பேச்சாளர்கள் அந்த ஊரிலேயே இருப்பார்கள். ஆனால் டெல்லியில் ஒரு தாள் கையெழுத்தாகி, அது கிராமத்துக்குத் தெரியவருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. நிலக்கரிப் பகுதிகளில் மக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இந்தச் சட்டத்தில் 4-வது பிரிவு என்பது நிலக்கரி இருக்கிறதா என்று துளைபோட்டுப் பார்க்கும் நோக்கத்தை அறிவிப்பது. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் 7(1) அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுக்கும் நோக்கம், வர வேண்டும். மத்திய அரசு அதிகபட்சம் இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம். அதற்குள் வராவிட்டால் 4-வது பிரிவு அறிவிக்கை காலாவதி. எனவே 4-வது பிரிவு அறிவிக்கையின் தேதியை இன்றே தேடி எடுத்து, நாட்காட்டியில் அந்த இரண்டு முடிவுத் தேதிகளையும் குறியுங்கள்.

7(1) வெளிவந்ததிலிருந்து ஆட்சேபணை எழுத 30 நாள்தான். கணக்கு தொடங்குவது அறிவிக்கை வெளியான நாளிலிருந்து. பட்வாரி (கிராம நிலக் கணக்கர்) ஊருக்கு வந்து சொன்ன நாளிலிருந்து அல்ல. இந்திய கெஜட்டில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு இரண்டில் நிலக்கரி அமைச்சகத்தின் பெயரில் வரும். அசாதாரண கெஜட், வாராந்தர கெஜட் இரண்டையும் பாருங்கள். ஆறு பேர் இருக்கிறீர்கள்; ஆளுக்கு ஒரு நாள் என்று வாரத்தில் ஆறு நாளைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயர், தாலுகா, கிராமப் பெயர் மூன்றையும் இந்தி எழுத்திலும் வைத்துத் தேட வேண்டும். இந்தியில் ஒரே ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள், ஆகையால் பட்வாரியின் ஹல்கா (பொறுப்புப் பகுதி) எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று அறிவிக்கையிலேயே இருக்கும். நேரில் வந்து சொல்லவும், வக்கீல் மூலம் சொல்லவும் உரிமை உண்டு. அந்த நேரடி விசாரணை வேண்டும் என்று மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். 180 வீட்டுக்கும் ஒரே மனுவை நகலெடுத்துக் கையெழுத்து வாங்குவது பலவீனமானது. மேலே பொதுவான இரண்டு பத்தி, கீழே அந்தக் குடும்பத்தின் கஸ்ரா (நில சர்வே) எண், பரப்பு, கிணறு, மரம், என்ன போகிறது என்று தனித்தனியாக. இதை 30 நாளில் முதலிலிருந்து தொடங்கினால் முடியாது. 7(1) வருவதற்கு முன்பே படிவம் நிரம்பியிருக்க வேண்டும், அறிவிக்கை எண்ணுக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டு. இன்னொரு எச்சரிக்கை: 9-ஏ என்ற அவசரப் பிரிவைப் பயன்படுத்தினால் அரசு இந்த ஆட்சேபணைக் கட்டத்தையே தாண்டிவிடலாம். அப்போது கையில் மிஞ்சுவது கிராம சபைத் தீர்மானமும் வன உரிமை மனுக்களும்தான்.

நிலச் சட்டம் ஒரு பாதை. சுற்றுச்சூழல் அனுமதி வேறு பாதை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைப்படி பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வரைவு கலெக்டர் அலுவலகம், ஜில்லா பஞ்சாயத்து, மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் படிக்கக் கிடைக்க வேண்டும். நடத்துபவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு. தலைமை கலெக்டர், அல்லது கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாதவர். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். எல்லோரும் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: விசாரணைக்குக் கோரம் (குறைந்தபட்ச வருகைக் கணக்கு) கிடையாது. ஊரே புறக்கணித்து வெளியே நின்றாலும் உள்ளே பத்துப் பேரை வைத்து நடந்ததாக எழுதிவிடலாம். புறக்கணிப்பதாக ஊர் முடிவெடுத்தால் எடுக்கட்டும், ஆனால் அதற்கு முன் எழுத்து ஆட்சேபணைகளைக் கொடுத்து முத்திரையுடன் ரசீது வாங்கியிருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் சுரங்கத்தின் 'விரிவாக்கம்' என்று விண்ணப்பம் போட்டால் பொது விசாரணையிலிருந்து விலக்குக் கேட்பார்கள். அமைச்சகத்தின் குறிப்பாணைகளால் அப்படி விலக்கு கிடைத்ததும் உண்டு. ஆகவே பரிவேஷ் என்ற அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளத்தில் புதுச் சுரங்கத்தை மட்டும் தேடாதீர்கள். பக்கத்துச் சுரங்கத்தின் பெயரிலும் தேடுங்கள்.

அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91-வது நாள் போனால் கதவு மூடியாகிவிட்டது, எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும். சத்தீஸ்கர் வழக்கு போபால் அமர்வுக்குப் போகும். டெல்லியில் இருக்கிறோம் என்பதற்காகக் கோப்பர்நிக்கஸ் மார்க்கில் உள்ள முதன்மை அமர்வில் போட முடியாது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை முதலில் கேளுங்கள்: 1987 சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

டோலாசபை எழுதியது:

கெஜட்பார்வை சார் தாள் பக்கத்தைச் சொல்லிட்டார். ஊர்ப் பக்கத்தை நான் சொல்றேன்.

பதிவு இப்போ வேண்டாம். சங்கப் பதிவுக்கு ஏழு பேர் போதும்தான், ஆனா பதிவு பண்ணினதும் தலைவர், செயலாளர்னு ரெண்டு மூணு பேர் பேர் காகிதத்துல ஏறும். ஆசை காட்டவும் மிரட்டவும் யாரைப் பிடிக்கணும்னு எதிர்ப்பக்கத்துக்கு நாமே பட்டியல் கொடுத்த மாதிரி ஆயிடும். பதிவில்லாத சமிதியே போதும். சட்டப்படி பலம் உள்ள அமைப்பு ஏற்கெனவே அந்த ஊர்ல இருக்கு, அது கிராம சபை. கோர்பா மாவட்டம் முழுக்க அரசியல் சாசனத்தோட ஐந்தாவது அட்டவணையில வர்ற பழங்குடிப் பகுதி. அதனால 1996 பெசா சட்டம் (இந்தப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம்) செல்லும், நிலம் எடுக்கறதுக்கு முன்னாடி கிராம சபையையோ பஞ்சாயத்தையோ கலந்து பேசணும்.

அமைப்பு இப்படி இருந்தா தாங்கும்: 12-15 வீட்டுக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். 180 வீட்டுக்கு 12 முதல் 15 ஜோடி வரும். மூணு டோலாவுக்கும் தனித்தனியா வாரம் ஒரு நாள் கூட்டம், மாசம் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து. ஊர்ச் சந்தை நாள்ல கூட்டம் வைக்காதீங்க. மார்ச், ஏப்ரல்ல இலுப்பைப்பூ பொறுக்க விடியறதுக்கு முன்னாலேயே பெண்கள் காட்டுக்குப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் பீடி இலை சீசன். ஜூலை, ஆகஸ்ட்ல நடவு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் டோலாவுக்குள்ளேயே உட்கார்ந்தாத்தான் பெண்கள் வருவாங்க. முதல் அரை மணி பெண்கள் தனியாப் பேசட்டும், அப்புறம் ஒண்ணா உட்காரட்டும். தண்ணி, விறகு, தூசி பத்தின சரியான தகவல் அவங்ககிட்டதான் இருக்கும்.

முதல் வேலை குடும்பப் பட்டியல். கம்பெனி சர்வே ஆட்கள் வர்றதுக்கு முன்னாடி மக்களோட பட்டியல் இருக்கணும், அதுவும் தேதி போட்டு, கிராம சபையில படிச்சு, தீர்மானத்தோட இணைச்சு. நிலக்கரி நிலச் சட்டத்துல எடுத்தாலும் 2013 நிலச் சட்டத்தோட இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும்னு 2015-ல மத்திய அரசு ஆணை போட்டிருக்கு. சம்மதமும் சமூகத் தாக்க ஆய்வும் மட்டும் பொருந்தாது. அந்தச் சட்டத்துல 'குடும்பம்'ங்கற வரையறையை எல்லோருக்கும் படிச்சுக் காட்டுங்க. கல்யாணம் ஆகலைன்னாலும் வயது வந்த ஒவ்வொருத்தரும், ஆணோ பெண்ணோ, தனிக் குடும்பம். விதவை, மணவிலக்கு ஆனவங்க, கைவிடப்பட்டவங்களும் தனிக் குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே மூணு, நாலு குடும்பம் இருக்கலாம். சர்வேக்காரங்க வீட்டைத்தான் எண்ணுவாங்க.

நிலமே இல்லாதவங்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான், மூணு வருஷமா அந்த நிலத்தை நம்பிப் பிழைச்சிருந்தா. வாரத்துக்கு உழுதவங்க, கூலிக்காரங்க, காட்டுல பொறுக்கறவங்க எல்லாரும் இதுல வருவாங்க. ஆனா அதை நிரூபிக்கணும். நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் பக்கம், நிலக்காரர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கச் சாட்சி, இதையெல்லாம் இப்பவே போட்டோ எடுத்து வைங்க. பின்னாடி விலை பேசற நேரத்துல நிலக்காரர் அந்தச் சாட்சியை எழுதித் தர மாட்டார்.

பட்டியல்ல இருக்க வேண்டியது: டோலா, குடும்பத்துல வயது வந்தவங்க எல்லார் பேரும் வயசும், கஸ்ரா எண், பி-1 (நிலப் பதிவு) நகல் இருக்கா, பட்டா யார் பேர்ல (செத்துப்போன தாத்தா பேர்ல இருந்தா உடனே பெயர் மாற்ற மனு போடணும், இதுலதான் நிறையப் பேர் மாட்டறாங்க), உண்மையா உழறது யாரு, காட்டு நிலம் எவ்வளவு, கிணறு, போர், இலுப்பை, மா, பலா எத்தனை, மாடு ஆடு, வீடு மண்ணா செங்கலா. ஒரு ஜோடி ஒரு நாளைக்குப் பத்து வீடு பண்ணலாம், அதுக்கு மேல போனா அவசரத்துல எழுதுவாங்க. அடுத்த வாரம் வேற டோலா ஜோடி வந்து பத்துல ஒரு வீட்டைத் திரும்பச் சரிபார்க்கட்டும்.

காட்டு நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டம். வன உரிமைக் குழுவுல 10 முதல் 15 பேர், மூணுல ரெண்டு பங்கு பழங்குடியினர், மூணுல ஒரு பங்கு பெண்கள். தனி உரிமைக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்கு பி, சமூக வனவளத்துக்கு சி. எல்லாரும் ஏ மட்டும் போட்டுட்டு நின்னுடறாங்க. பி-யும் சி-யும் போட்டாத்தான் மேய்ச்சல், ஓடை, கோயில் காடு எல்லாம் வரும். உரிமை சரிபார்ப்பு முடியற வரைக்கும் யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு 4(5) பிரிவு சொல்லுது. மனு கொடுத்ததுக்குத் தேதி போட்ட ரசீது வாங்கலைன்னா இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

கிராம சபைத் தீர்மானத்துல எங்கே கெடுது தெரியுமா? வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்கிட்டு, மேல காலி இடத்துல அப்புறமா எழுதறது. மத்தியப் பிரதேசத்துல சிங்ரௌலி மாவட்டம் மஹான் பகுதியில 2013-ல அமேலியா கிராம சபை தீர்மானம் பத்தி வந்த புகாரே இதுதான்: செத்தவங்க பேர்லயும் கையெழுத்து இருந்துச்சுன்னு மக்கள் தகவல் உரிமைச் சட்டத்துல நகல் வாங்கி எடுத்துக் காட்டினாங்க. 2015-ல அந்தச் சுரங்கத்தை ஏலத்துக்கு விடலைன்னு அரசு சொல்லிடுச்சு. அதனால: பக்கத்துக்கு எண் போட்ட பதிவேடு. முதல்ல தீர்மானம் முழுசா எழுதி, சத்தமாப் படிச்சு, கடைசி வரிக்குக் கீழேயே இடைவெளி விடாம கையெழுத்து. காலி இடத்துல குறுக்குக் கோடு. கைநாட்டு வைக்கறவங்க பேர் பக்கத்துல, எழுதினவர் பேரும். வன உரிமைத் தீர்மானத்துக்கு மொத்த உறுப்பினர்ல பாதி வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். எண்ணிக்கையைத் தீர்மானத்துலயே எழுதுங்க. கூட்டம் கலையறதுக்கு முன்னாலேயே ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து டெல்லிக்கு உங்க குழுவுக்கு அனுப்பிடணும். பதிவேடு காணாமப் போற ஊர்கள்ல இந்தப் போட்டோதான் மிஞ்சும்.

ஜந்தர் மந்தர் பத்தி: ஊர்ல அறுவடையை விட்டுட்டு 40 பேரைக் கூட்டிட்டு வர்றது பெரிய செலவு. சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பரிந்துரை பண்ற நிபுணர் மதிப்பீட்டுக் குழு அந்தச் சுரங்கத்தை எடுத்துக்கற கூட்டம் எப்போன்னு தெரிஞ்சா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஜோர் பாக்ல சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும், லோக் நாயக் பவன்ல பழங்குடியினர் ஆணையத்துக்கும் நாலைஞ்சு பேர் தீர்மான நகலோட நேர்ல வந்து மனு கொடுத்து டைரி எண் வாங்கட்டும். தர்ணா அதுக்குத் துணையா இருந்தா நல்லது. சத்தீஸ்கர்லயே ஹஸ்தேவ் காட்டு மக்கள் 2021 அக்டோபர்ல ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்தாங்க, 2022 ஜூலைல சட்டமன்றமே அங்க சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு. அந்த நடைக்குப் பின்னால பல வருஷமா ஊர் ஊராப் போட்ட கிராம சபைத் தீர்மானங்கள் இருந்துச்சு. அதுக்கப்புறமும் அங்க மரம் வெட்டினாங்க, அதனால ஒரு வெற்றியை நம்பி சமிதியைக் கலைச்சிட வேண்டாம்.

குழிஓரம் எழுதியது:

பக்கத்துச் சுரங்கத்தின் பாதிப்பை இப்போதே பதிவு செய்யத் தொடங்குங்கள். புதுச் சுரங்கத்தின் விசாரணையில் இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

வெடி: சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டு 7-வது சுற்றறிக்கைப்படி, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு நில அதிர்வு வரம்பு அதிர்வெண்ணைப் பொறுத்தது: 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே விநாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. உங்களிடம் கருவி இருக்காது. வெடித்த தேதி, மணி, எந்தத் திசை, எந்த வீட்டில் என்ன ஆட்டம் என்று ஒரு நோட்டில் தினம் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே தேதிகளுக்குச் சுரங்கத்தின் அதிர்வுப் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தேதி போட்டுக் கேட்டால் "தகவல் இல்லை" என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சுவர் விரிசல்: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, சிமெண்டின் மேல் தேதி கீறிவிடுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒரு முறை, அதே இடத்திலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம். மண்சுவரில் சிமெண்ட் பிடிக்காது. அங்கே விரிசலின் இரு கரையிலும் ஆணி அடித்து இடைவெளியை அளங்கள்.

கிணறு: மேல் விளிம்பில் ஒரு பெயிண்ட் புள்ளி, அதிலிருந்து தண்ணீர் வரை கயிறு. காலையில் யாரும் இறைப்பதற்கு முன். மே நடுவிலும் நவம்பர் நடுவிலும் கட்டாயம், முடிந்தால் மாதா மாதம். மழை முடிந்து ஒரே மாதத்தில் தண்ணீர் இறங்கிவிடும் கிணறுகளைத் தனியாகக் குறித்து, குழியிலிருந்து எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் காட்டுங்கள்.

சுரங்கம் தன் அனுமதி நிபந்தனைகளைப் பின்பற்றுகிறதா என்று ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1-க்குள் அரையாண்டு அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். டெல்லிக் குழு அதை எடுத்து நிபந்தனை வாரியாக இந்தியில் சுருக்கி அனுப்பினால், "சாலையில் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம்" என்ற வரிக்கு எதிரே ஊர்க்காரர்கள் தேதியோடு பதில் எழுதிவிடுவார்கள். சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையிலும் இதே வேலைதான்: கிணறு எண்ணிக்கை, ஓடைகளின் பெயர், பள்ளி, யானை நடமாட்டம். இந்த நாலு அட்டவணையை மட்டும் மொழிபெயர்த்து அனுப்புங்கள். முழு அறிக்கையையும் மொழிபெயர்க்கப் போனால் விசாரணை நாள் தாண்டிவிடும்.

ஆர்.கே.புரம்வாசி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஊரில் சிலர் நிலமே தரக் கூடாது என்கிறார்கள், சிலர் வேலையும் நல்ல விலையும் கிடைத்தால் போதும் என்கிறார்கள். நாங்கள் எந்தப் பக்கம் பேசுவது? அடுத்து, அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் பணம் தர முன்வருகிறார்கள். வாங்கலாமா?

டோலாசபை எழுதியது:

எந்தப் பக்கமும் பேசாதீங்க, முடிவு அவங்களோடது. ஆனா ரெண்டு தரப்புக்கும் பொதுவா ஒரு வேலை இருக்கு, நான் மேலே சொன்ன பட்டியல். மறுக்கறவங்களுக்கும் அது வேணும், பேரம் பேசறவங்களுக்கும் அது வேணும். கோல் இந்தியா கொள்கையில ரெண்டு ஏக்கருக்கு ஒரு வேலைங்கற கணக்கு இருக்கு. ஒன்றரை ஏக்கர்க்காரர், நிலமில்லாதவர், ரெண்டு ஏக்கருக்கு மேல இருக்கறவர், மூணு பேரையும் பிரிக்கறது அந்தக் கணக்குதான். தரகர் வர்றதுக்கு முன்னாடியே சின்ன நிலக்காரங்க சேர்ந்து நிலத்தைக் கூட்டிக் காட்டறதா, நிலமில்லாதவங்களுக்கு என்ன கேட்கறதுன்னு ஊர் எழுத்துல முடிவு பண்ணணும். "நிலமில்லாத வீடுகளோட கோரிக்கை தீராம யாரும் தனியாக் கையெழுத்துப் போடறதில்லை"ன்னு ஒரு வரி அந்தத் தீர்மானத்துல இருக்கறது நல்லது. பக்கத்துச் சுரங்கத்துல ஒப்பந்தக் கூலிக்குப் போற பையன்கள் அதே டோலாவுலதான் இருப்பாங்க. சாலை மறியல்னு பேச்சு வந்தா, முதல்ல அவங்க சங்கத்தோட பேசிடுங்க. மறியலுக்கு முன்னாலேயே ஒரு வக்கீல் எண்ணும் ஜாமீனுக்கு ஆள் பட்டியலும் தயாரா இருக்கணும்.

கெஜட்பார்வை எழுதியது:

பணம்: உறவினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அது வெளிநாட்டுப் பணமாகக் கணக்கில் வராது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் வரும், அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவில்லாத குழு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். இந்த மாதிரிக் குழுக்களை முடக்குவதற்குக் கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பார்கள். ஊரில் வீட்டுக்கு மாதம் பத்து ரூபாயும் ஒரு கிலோ அரிசியும் வாங்கினாலே நகலுக்கும் தபாலுக்கும் பஸ்ஸுக்கும் ஓரளவு வரும். மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண், வரவு செலவு மாதக் கூட்டத்தில் சத்தமாகப் படிப்பது. டெல்லிச் செலவை நீங்கள் ஆறு பேரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஊர்க் கணக்கோடு கலக்க வேண்டாம்.

இந்த வாரமே தகவல் உரிமை மனு ஒன்று போட்டுவிடுங்கள். பிலாஸ்பூரில் உள்ள எஸ்.இ.சி.எல். (கோல் இந்தியாவின் துணை நிறுவனம்) தலைமையகத்துக்கு, மத்திய அரசின் இணையதளம் வழியாக, பத்து ரூபாய். மூன்றே கேள்வி: 4-வது பிரிவு அறிவிக்கையின் நகலும் வரைபடமும், அதில் அடங்கிய கஸ்ரா எண்களின் பட்டியல், அந்த ஊர் நிலத்துக்கு 7(1) முன்மொழிவு அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டதா, அனுப்பியிருந்தால் கடித எண்ணும் தேதியும். "ஏன்" என்று எதையும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவை டெல்லியில் இருப்பவர் பெயரில் போடுங்கள். ஊர்க்காரர் பெயரில் போட்டால் பதில் வருவதற்கு முன் அவர் வீட்டுக்கு யாராவது வந்து நிற்பார்கள்.